சரிம்மா: ஒரு மேற்பார்வை நாட்குறிப்பு

ஜூலை 2, செவ்வாய்

வியாழக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசரைப் பார்க்கப் போகிறேன் என்று சாப்பிடும்போது சொன்னேன். அப்பா தலையை நிமிர்த்தினார்.

"ஏன், ஏதும் தப்புப் பண்ணிட்டியா?"

முப்பது வருடம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சூப்பர்வைசர் என்றால் அவருக்கு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மேலே நின்று கத்துகிறவர்.

"இல்லப்பா, நானே காசு கொடுத்துத்தான் போறேன்."

"காசு கொடுத்துத் திட்டு வாங்கப் போறியா?" என்றார் அம்மா.

இசை சிகிச்சையாளர் என்ற வேலையையே வீட்டில் புரிய வைக்க இரண்டு வருடம் ஆனது. இப்போது இது: மூத்த சிகிச்சையாளர் ஒருவரிடம் என் வேலையைக் காட்டிப் பேசுகிற மேற்பார்வை. ஆலோசகர்களுக்கான மேற்பார்வைக்கு மூன்று வேலைகள் உண்டு என்று பிரிஜிட் ப்ராக்டர் 1980களில் எழுதினார். தொழில் நெறி தவறாமல் பார்த்துக்கொள்வது, திறமையை வளர்ப்பது, வேலை செய்கிறவர் நொந்து போகாமல் தாங்கிப் பிடிப்பது. அதை அப்படியே ஒப்பித்தேன். "மூணாவது எங்க யார்டுல இல்ல" என்று சொல்லிவிட்டு அப்பா ரசத்துக்குத் திரும்பிவிட்டார்.

சிங்கப்பூரில் என்னை யாரும் இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. 2011இல் வந்த துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் இயன்முறை, செயல்முறை, பேச்சு சிகிச்சையாளர்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. இசை சிகிச்சையாளர் அதில் இல்லை. பிரிட்டனில் அந்தப் பட்டமே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. மெல்பர்னில் படித்தபோது வாராவாரம் யாராவது என் வேலையைக் கேட்டுவிட்டு, ஏன் அப்படி வாசித்தாய் என்று நோண்டுவார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இங்கே வந்து தனியாக வேலை பார்க்க ஆரம்பித்த ஆறாவது மாதம், அந்த நோண்டலுக்கு ஏங்கிப் போனேன். வேலையிடத்தில் செலவு கேட்டுப் பார்த்தேன். பயிற்சிப் பட்டறை என்றால் தருவார்களாம், "உட்கார்ந்து பேசுவதற்கு" தர மாட்டார்களாம். சரி, சொந்தக் காசு.

ஜூலை 4, வியாழன்

பாய லேபார் பக்கம் ஒரு சின்ன வாடகை அறை. ஒரு பியானோ, இரண்டு நாற்காலி, மூலையில் ஒரு டிரம். என் மேற்பார்வையாளர் சீனப் பெண்மணி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தமிழில் வணக்கம், நன்றி தவிர எதுவும் தெரியாது. என் கவலையும் அதுதான். தாத்தாவோடு எனக்கு நடப்பதெல்லாம் தமிழில்.

தாத்தா என்று நான் அழைப்பவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்குள்ள தாதியர் பிலிப்பீன்ஸ், மியன்மார்காரர்கள். அவர்களுக்கு அவர் "அங்கிள்". (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பக்கவாதம் மூளையின் இடது பக்கத்தைத் தாக்கியதில் அஃபேசியா என்கிற பேச்சிழப்பு. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது, பதில் சொல்லத்தான் சொல் வருவதில்லை. ஆனால் பழைய பாட்டை எடுத்துக் கொடுத்தால் முழு வரியாக வந்து விழும். பேச முடியாதவர் பாடுவது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்தான். 1973இல் பாஸ்டனில் அதை வைத்து மெலடிக் இண்டொனேஷன் தெரபி என்று ஒரு முறையையே உருவாக்கினார்கள். பாடும்போது மூளையின் வலது பக்கம் கைகொடுக்கிறது என்பது பழைய விளக்கம். ராகத்தைவிடத் தாளமும், மனப்பாடமான வரியும்தான் காரணம் என்று பின்னால் வந்தவர்கள் சிலர் வாதாடுகிறார்கள்.

பேச்சில் தாத்தாவுக்கு மிஞ்சியது ஒரே சொல்: "சரிம்மா."

ஆறு நிமிடப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான். "எல்லாவற்றுக்கும் ஆமாம் என்கிறார், ஒத்துழைப்பு அதிகம்" என்றேன்.

"அவர் அடிக்கடி சொல்கிறாரே, அது என்ன சொல்?"

சரி என்பது சம்மதம், அம்மா என்றால் தாய், ஆனால் எங்களில் பேத்தி வயதுப் பெண்ணையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை பியானோவில் கை வைத்து, தாத்தாவின் மூன்று சரிம்மாக்களை வாசித்தார். முதலாவது மேலே ஏறியது. இரண்டாவது ஒரே சுரத்தில் நின்றது. மூன்றாவது சட்டென்று கீழே இறங்கி, முடியும் முன்பே அறுந்தது.

"இது மூன்றும் ஒரே சொல்தானா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. அந்த மூன்றாவதை நான் தினமும் வீட்டில் கேட்கிறேன். மாத்திரை போட்டீங்களா, டாக்டர் என்ன சொன்னார், ஏன் நடக்கப் போகலை என்று நான் துளைக்கும்போது அப்பா சொல்கிற சரிம்மா அது. போதும், விடு என்று அர்த்தம். தமிழ் தெரிந்த நான் சொல்லைக் கேட்டேன். தெரியாதவர் மெட்டைக் கேட்டிருக்கிறார்.

அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து எங்கோ போய்விட்டேன். இரண்டு நிமிடம் விட்டார். பிறகு மெதுவாக, "அதை உன் சொந்த ஆலோசகரிடம் கொண்டு போ. இங்கே, செவ்வாய்க்கிழமை அந்த அறையில் அது என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்போம்" என்றார். அவர் போட்ட அந்த எல்லைக்கோடு பிடித்திருந்தது. ஒரு தந்தியை மீட்டினால் பக்கத்துத் தந்தி அதிர்வதுபோல நோயாளியின் உணர்வு சிகிச்சையாளருக்குள் அதிரும் என்று இசை சிகிச்சையாளர் மேரி பிரீஸ்ட்லி எழுதியதைப் படித்து, பரீட்சையிலும் எழுதியவள் நான். என் தந்தி அதிரவே இல்லை. நானே சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தால் எப்படி அதிரும்?

ஜூலை 6, சனி

வீட்டுப்பாடம். முழு அமர்வையும் நிமிட வாரியாகக் கேட்டுக் குறிப்பெடுக்க வேண்டும். இசை சிகிச்சையின் முன்னோடிகள் நார்டாஃபும் ராபின்ஸும் ஒலிநாடாவை வைத்துச் செய்த அதே வேலை. முப்பது நிமிடப் பதிவுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் தேசிய தின ஒத்திகைக்குப் போன போர் விமானங்கள் வேறு, புளோக்கே அதிர்ந்தது.

சரிம்மா மொத்தம் 23. கீழே இறங்குவது 14. அதில் ஒன்பது, பாட்டு முடிந்ததும் நான் மூச்சு விடாமல் அடுத்த பாட்டைத் தொடங்கிய இடத்தில். வரியின் கடைசிச் சொல்லை அவருக்காக விட்டுவிட்டுக் காத்திருப்பதாக நினைத்திருந்தேன். நேரம் பார்த்தேன். அதிகபட்சம் இரண்டு வினாடி.

ஜூலை 9, செவ்வாய்

தாத்தாவுக்குக் காய்ச்சல், அமர்வு இல்லை. லிஃப்ட் பக்கத்தில் வேறொருவரின் மருமகள் நிறுத்தி, ரத்த அழுத்தத்துக்கு எந்த ராகம் என்று கேட்டார். யாராவது நோய்க்கு ஒரு ராகம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு வெள்ளி கிடைத்தால் மேற்பார்வைக் கட்டணத்தைக் கட்டிவிடலாம்.

ஜூலை 18, வியாழன்

இன்று பேச்சே குறைவு. "நீ தாத்தாவாக இரு, நான் நீயாக இருக்கிறேன்" என்றார் மேற்பார்வையாளர். எனக்கு டிரம், ஒரு கை மட்டும், வாயில் ஒரே சொல். அவர் சொல் இல்லாமல் என் மெட்டுகளை லாலாவென்று பாடிக்கொண்டு வாசித்தார். அன்பாகத்தான் வாசித்தார், சிரித்துக்கொண்டே. ஆனால் உள்ளே நுழைய எனக்கு இடமே இல்லை. இரண்டு பேர் வேகமாகச் சுற்றுகிற கயிற்றுக்குள் குதிக்க நேரம் பார்த்து நிற்கிற பிள்ளை மாதிரி கையைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். நான்காவது நிமிடம் என் வாயிலிருந்து தானாக வந்தது: சரிம்மா. இறங்குகிற சரிம்மா.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது, அதை இங்கே நீட்ட வேண்டாம்.

கிளம்பும்போது ஒரு கேள்வி. "பதிவு செய்ய யார் கையெழுத்துப் போட்டது?"

"மகன்."

"தாத்தாவிடம் கேட்டாயா?"

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான தாளெல்லாம் சரியாக இருந்தது. அவரிடம் நான் கேட்டதில்லை.

ஜூலை 23, செவ்வாய்

போனை எடுத்துக் காட்டி, சிவப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டி, "தாத்தா, நம்ம பாடுறதை இதுல எடுத்துக்கட்டுமா?" என்றேன். பத்து வினாடி மனசுக்குள் எண்ணிக் காத்திருந்தேன். கொடுமையான பத்து வினாடி.

"சரிம்மா."

இறங்கியது. போனைப் பைக்குள் போட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பாட்டு பாடினோம். கடைசிச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். சொல் வரவில்லை. சக்கர நாற்காலியின் கைப்பிடியில் நல்ல கையால் தாளம் வந்தது, அதுவும் நான் நினைத்த தாளத்தில் இல்லை. அவருடையதற்கு மாறினேன். அது ஓடியது. பிறகு இன்னொரு சரிம்மா, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கிதாரைக் கீழே வைத்துவிட்டு நானும் ஜன்னலைப் பார்த்தேன். அமர்வு 18 நிமிடத்தில் முடிந்தது.

படிவத்தில் 30 என்று முன்பே அச்சடித்திருக்கிறார்கள். அடித்துவிட்டு 18 என்று எழுதினேன். காரணம் என்கிற கட்டம் ஒரு விரல் அகலம்தான், "நோயாளி போதும் என்றார்" என்று பொடி எழுத்தில் திணித்தேன். மேலாளர் நாளை கூப்பிடுவார்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி மேற்பார்வைக்குக் கொண்டுபோக என்னிடம் பதிவு இல்லை. அந்தக் கடைசிச் சரிம்மாவை நானேதான் பாடிக் காட்ட வேண்டும். குளிக்கும்போது ஒத்திகை பார்த்தேன். யாருகிட்ட பேசுறே என்று அம்மா கதவைத் தட்டுகிறார்.