அந்த அரை வாக்கியம்

2020 செப்டம்பர் கடைசி. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆபீஸ் நண்பன் போன் செய்தான். "டேய், விண்டோஸ் எக்ஸ்பி சோர்ஸ் கோடு லீக் ஆயிடுச்சு, இறக்கிட்டேன். நீ ரெண்டு மாசமா மண்டைய ஒடைச்சிக்கிறியே, அந்த ஃபங்ஷன் அப்படியே இருக்குடா. அதுல ரவுண்டிங் பண்றதுக்கு முன்னாடி..."

அதற்குள் போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தான், எடுக்கவில்லை. எனக்கு ஏதோ கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பான்.

சிவகாசியில் சித்தப்பா அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகைகளை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில், ஒரு பழைய பக்க வடிவமைப்பு (டிடிபி) மென்பொருளில்தான் அடித்துவந்தார். அது எக்ஸ்பியில் மட்டும் ஒழுங்காக ஓடும். அந்தக் கணினி சாகக் கிடந்தது. லினக்ஸில் வைன் போட்டு ஓட்டிக் கொடுத்தேன். விண்டோஸ் மென்பொருளை விண்டோஸ் இல்லாமலே ஓட்ட, தன்னார்வலர்களும் சேர்ந்து எழுதும் திறந்த மென்பொருள் அது. எல்லாம் வந்தது, கொம்பு மட்டும் முந்தைய எழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது. "மணமகள் பேரு மேலயே கொம்பு மொளைச்சிருக்குப்பா" என்றார் சித்தப்பா. எழுத்தின் அகலத்தைக் கணக்கிடும் ஃபங்ஷனில், அதாவது வைன் நிரலின் அந்தத் துண்டில், ஒன்றிரண்டு பிக்சல் இடிக்கிறது. பகலில் ஆபீஸ், ராத்திரியில் இது என்று ஆரம்பித்தேன்.

வைனில் ஒரு விதி உண்டு. விண்டோஸ் மூலநிரலை (சோர்ஸ் கோடு) பார்த்தவர்கள் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பக்கூடாது. திருட்டுப் பிரதியோ, ஒப்பந்தம் போட்டு முறையாகப் பார்த்ததோ, ஓடும் மென்பொருளைப் பிரித்து நிரலைப் படித்ததோ (டிஸ்அசெம்பிள்), எல்லாம் ஒன்றுதான். பிறகு எப்படி எழுதுவது? பெட்டியைத் திறக்காமல் வெளியே இருந்து தட்டிப் பார்க்க வேண்டும். சின்னச் சின்ன சோதனை நிரல்கள் எழுதி உண்மையான விண்டோஸில் ஓட்டுவோம். இந்த எழுத்துரு, இந்த அளவு, என்ன அகலம் சொல்கிறது? குறித்துக்கொள்வோம். அதே விடை வைனிலும் வரும்வரை எழுதுவோம். இன்னும் ஒத்துவராத சோதனையின் தலையில் 'டுடூ_வைன்' என்று ஒரு அடையாளம் போட்டு வைப்பார்கள். என் சோதனையும் அந்த அடையாளத்தோடு, போன் வருவதற்கு மூன்று வாரம் முன்பே உள்ளே போயிருந்தது.

பார்ப்பதில் என்ன தப்பு, காப்பி அடித்தால்தானே தப்பு என்று நண்பன் பிறகு கேட்டான். பாதி சரி. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பதற்கு 1999இல் திருத்திய நம் பதிப்புரிமைச் சட்டமும் இடம் கொடுக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். காப்பி அடித்ததை நேரில் பார்த்த சாட்சி யாரும் இருக்க மாட்டார்கள். மூலம் உன் கைக்கு எட்டியதா, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா, இந்த இரண்டையும் வைத்துத்தான் நீதிமன்றம் கணக்குப் போடும். 1976இல் அமெரிக்காவில் பீட்டில்ஸ் பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு பாட்டு மெட்டுக்காக மாட்டிக்கொண்டது இப்படித்தான். அவர் வேண்டுமென்று எடுத்தார் என்று நீதிபதியே சொல்லவில்லை. கேட்ட மெட்டு தன்னையறியாமல் உள்ளே இறங்கி வெளியே வந்திருக்கிறது, ஆனாலும் மீறல் மீறல்தான் என்று தீர்ப்பானது. மெட்டுக்கே அப்படியென்றால், ஒரு ஃபங்ஷனை ஒழுங்காக எழுத இரண்டு மூன்று வழிதான் இருக்கும் எங்கள் தொழிலில் கேட்கவே வேண்டாம். பார்த்தவன் சொந்தமாக யோசித்து எழுதினாலும் அதே மாதிரிதான் வந்து நிற்கும். அப்புறம் யாரிடம் போய் என்ன சொல்வது?

பெரிய நிறுவனங்களுக்கு இதற்கு வழி இருந்தது. ஐபிஎம் தன் பிசியின் பயாஸ் நிரலை, அதாவது கணினியைத் துவக்கிவைக்கும் அடிப்படை நிரலை, தொழில்நுட்பக் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தது. படித்தவர்கள் எல்லோரும் கறைபட்டவர்கள் ஆனார்கள். அதோடு ஒத்துப்போகும் கணினி செய்ய, 1982இல் காம்பேக் நிறுவனம் ஆட்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு குழு படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கும். அதை வைத்து, படிக்காத குழு நிரல் எழுதும். எனக்கு இருப்பது ஒரே மண்டை, அதை எங்கே பிரிப்பது?

சந்தேகம் ஒன்றே போதும், ஒரு திட்டத்தை முடக்கிப்போட. விண்டோஸோடு ஒத்துப்போகும் இயங்குதளம் எழுதும் ரியாக்ட்ஓஎஸ் திட்டத்தில், 2006 ஜனவரியில், சில பகுதிகள் டிஸ்அசெம்பிள் செய்து எழுதப்பட்டவை என்று உள்ளேயிருந்தே புகார் எழுந்தது. வழக்கு என்று எதுவும் வரவில்லை. ஆனாலும் வேலையை நிறுத்திவிட்டு, எழுதிய எல்லாவற்றையும் தணிக்கை செய்ய உட்கார்ந்தார்கள். ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தண்டனை வேண்டுமா?

ஆபீஸ் பக்கம் இன்னொரு தலைவலி. வேலையில் எழுதுவது முதலாளிக்குச் சொந்தம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் ஒப்பந்தம் அதற்கும் மேலே போய் சனி ஞாயிறையும் சேர்த்து வளைத்துப் போட்டிருந்தது. அனுமதி கேட்டு எச்ஆருக்கு மெயில் போட்டேன். "வைன் சம்பந்தமா வெளியில வேலைன்னு போட்டிருக்கீங்களே, என்ன சார் இது?" என்று தயங்கித் தயங்கி ஒரு அழைப்பு. விளக்கி முடிக்க அரை மணி நேரம். பதில் மெயிலை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த அரை வாக்கியத்துக்கு வருகிறேன். ரவுண்டிங் பற்றி, அதாவது பின்னத்தை முழு எண்ணாக்குவது பற்றி, நானே சந்தேகப்பட்டிருந்தேனா? இருக்கலாம். என் நோட்டைப் புரட்டினேன், எழுதி வைத்த குறிப்பு எதுவும் இல்லை. ஒரு வரி இருந்திருந்தால், ஒரு தேதி இருந்திருந்தால் தொடர்ந்திருப்பேன். ஒற்றை வார்த்தைக்கு எந்த நிறுவனமும் கோர்ட்டுக்குப் போகாது என்று தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த ஃபைலைத் திறந்தபோதெல்லாம் காதில் அவன் குரல்தான் கேட்டது. பாதியில் இருந்த பேட்சை அனுப்பவில்லை. சித்தப்பாவுக்கு ஒரு பழைய எக்ஸ்பி கணினியைத் தேடி வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, முகம் தெரியாத யாரோ ஒருவர் என் சோதனையை வைத்தே அதைச் சரிசெய்து, 'டுடூ_வைன்' அடையாளத்தை எடுத்துவிட்டார். அவர் எழுதியதை வரிவரியாகப் படித்தேன். அதில் ரவுண்டிங்கே இல்லை.