ரோட்டரி எஞ்சின் பேரிங்: சத்துவாச்சாரி ஒர்க்ஷாப் நாட்குறிப்பு

மே 6

பெங்களூரிலிருந்து வந்த ஒரு மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இன்று ரெக்கவரி வண்டியில் வந்து இறங்கியது. யாரோ ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் எஞ்சினிலிருந்து கரகரவென்று சத்தம். கார்க்காரர் உடனே அணைத்து ஓரம் கட்டிவிட்டார். நல்ல காரியம் செய்தார். இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ஷாஃப்ட்டைத் தூக்கிப் போட வேண்டியிருந்திருக்கும்.

வான்கெல் எஞ்சின் என்று சொல்லும் இந்த ரோட்டரி எஞ்சினைப் படத்தில் பார்த்தே பல வருடம் கழிந்தது. ஜெர்மனியில் என்எஸ்யூ கம்பெனியில் 1957-ல் முதல் மாதிரி ஓடியது. அதை விடாப்பிடியாகப் பிடித்து வளர்த்தது மாஸ்டா. அது இன்று என் ஷெட்டில் நிற்கிறது.

மே 7

"அண்ணே, பிஸ்டனும் இல்ல, கனெக்டிங் ராடும் இல்ல. அப்புறம் எந்த பேரிங் போயிருக்கும்?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. முக்கோண ரோட்டர், ஷாஃப்ட்டின் எக்சென்ட்ரிக் மேல், அதாவது மையம் விலகிய வட்டப் பகுதியின் மேல், உட்கார்ந்து சுற்றுகிறது. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். இரண்டுக்கும் நடுவே, ரோட்டரின் வயிற்றுக்குள் அழுத்திப் பொருத்திய புஷ், அதாவது வளைய உறைதான் ரோட்டர் பேரிங். ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங் இரண்டும் இருபுறத்து ஸ்டேஷனரி கியர்களுக்குள் (சுற்றாமல் நிற்கும் கியர்கள்) இருக்கும். எதிலும் குண்டு கிடையாது. ஆயில் படலத்தின் மேல்தான் எல்லாம் மிதக்கிறது.

முதலில் கம்ப்ரெஷன். கேஜில் இருக்கும் வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு, கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். இரண்டு ரோட்டரிலும் முள் மூன்று மூன்றாக, ஒரே அளவில் துள்ளியது. மூன்று முகமும் சரி, ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல்கள் பிழைத்திருக்கின்றன. அப்புறம் ஆயிலைத் துணியில் வடித்தேன். தாமிர நிறத்தில் மினுமினுப்பு, காந்தத்தில் ஒட்டவில்லை. இரும்புத் தூள் என்றால் கியரையோ ஊசி பேரிங்கையோ சந்தேகப்படலாம். தாமிரம் என்றால் பேரிங்தான். ஃபில்டரை வெட்டி விரித்தால் மடிப்புக்கு மடிப்பு அதே பொடி.

ஆயில் பிரஷர் கேஜ் மாட்டி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே என்றான் தம்பி. கூடவே கூடாது. பொடி கலந்த ஆயிலில் ஓடும் ஒவ்வொரு நொடியும் ஷாஃப்ட்டைத் தேய்க்கும்.

மே 10

கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் எஞ்சினை இறக்கினோம். ஃப்ளைவீல் நட்டு 54 மி.மீ.; அந்த சாக்கெட்டைப் பக்கத்து லாரி ஒர்க்ஷாப்பில் இரவல் வாங்கினேன். எஞ்சினைச் செங்குத்தாக நிறுத்தி, நீளமான டென்ஷன் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, தட்டு தட்டாக எடுத்தோம். ஒவ்வொரு சீலுக்கும் தனி டப்பா, தனி எண்.

பின் ரோட்டர் பேரிங்கில் சாம்பல் நிற மேல்பூச்சு மொத்தமும் போய்ச் செம்பு பளிச்சென்று தெரிகிறது. முன் ரோட்டரிலும் பாதி போயிருக்கிறது. அளந்தேன். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடைவெளி 0.04 முதல் 0.08 மி.மீ. வரை இருக்கலாம், 0.10 தாண்டினால் மாற்றியே ஆக வேண்டும். பின்னால் 0.13. ஷாஃப்ட்டில் கோடுகள் நகத்தில் மாட்டவில்லை, வளைவும் இல்லை. நிம்மதி.

மே 11

தேய்மானம் எங்கே என்பதுதான் எனக்கு முக்கியம். ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால், அதிக வேகத்தில் ஷாஃப்ட் வளைந்து கொடுத்திருக்கிறது என்று நினைப்பேன். இங்கே முழுப் பரப்பும் போயிருக்கிறது. அப்படியென்றால் ஆயில் பட்டினி. பம்ப் நன்றாக இருக்கிறது, ரெகுலேட்டர் ஸ்பிரிங்கும் சரி. வடித்த ஆயிலைத்தான் மறுபடி அளந்தேன்: இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

கார்க்காரரிடம் போனில் கேட்டேன். "புகையே வரலையே சார், ஆயில் எப்படிக் குறையும்?" என்றார். இந்த எஞ்சின் ஆயிலைக் குடிக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஏபெக்ஸ் சீல் தேயாமல் இருக்க, மீட்டரிங் பம்ப் எஞ்சின் ஆயிலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் விடும். நடுவில் ஊற்றாமல் அடுத்த ஆயில் மாற்றும் தேதிவரை ஓட்டினால் அளவு இறங்கும், வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும். டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் முள்ளையும் நம்ப முடியாது. அழுத்தம் உண்டா இல்லையா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

மே 23

பேரிங், வாட்டர் சீல், ஓ-ரிங் எல்லாம் வந்து சேர்ந்தன. இதற்குள் ஆயில் கூலர்களைக் கழற்றி, இரண்டு திசையிலும் கழுவிக்கொண்டே இருந்தோம். எத்தனை தடவை கழுவியும் துணியில் மினுக்கு வந்தது. கடைசியில் கூலர்களை மாற்றச் சொல்லிவிட்டேன். செலவுக்குக் கார்க்காரர் முகம் சுருங்கியது, ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய பொடி அதற்குள் உட்கார்ந்திருக்கும்போது புதுப் பேரிங் போடுவதில் அர்த்தமே இல்லை.

லேத் பாய் ரோட்டர் பேரிங்குக்கு அளவெடுத்து, அதை நேராக அழுத்தி இறக்க ஒரு மேண்ட்ரல் (உருளைக் கட்டை) கடைந்து கொடுத்தார். பழைய பேரிங் இருந்த நிலையைக் குறித்து வைத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கோணாமல் இறக்கினோம். "சுத்தியலைக் கிட்டவே கொண்டு வராதீங்க" என்று பாய் இரண்டு தரம் சொன்னார். இறக்கிய பிறகு மறுபடி அளந்தேன்: 0.05, 0.06.

மே 26

பூட்டி முடித்தோம். ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டம் டயல் கேஜில் 0.05 மி.மீ.; 0.04-க்கும் 0.07-க்கும் நடுவில் இருந்தால் போதும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அடித்தால் இந்த வண்டியில் பெட்ரோல் வராது. அப்படியே சுற்றவிட்டு, தனியாக மாட்டிய ஆயில் பிரஷர் கேஜில் முள் எழுந்த பிறகுதான் காலை எடுக்கச் சொன்னேன். பிடித்துக்கொண்டது. தம்பி விசில் அடித்தான்.

மே 29

வாலாஜா வரை மிதமாக ஓட்டி வந்தோம். சூட்டிலும் அழுத்தம் இறங்கவில்லை. ஃபில்டரை மறுபடி வெட்டினேன், தாமிரம் இல்லை. தனி ஆயில் பிரஷர் கேஜை வண்டியிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டேன். டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் டப்பா. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கார்க்காரருக்குச் சொல்லி, என் முன்னாலேயே ஒரு தடவை பார்க்க வைத்து, சாவியைக் கொடுத்தேன்.