வேட்புமனுவுக்கு முன்னால் ஒரு புகார் மனு

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

அவர் நிற்கப்போகிறார் என்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதி இன்னும் வரவில்லை. ஆனாலும் மாவட்டக் கவுன்சிலர் சீட்டுக்குக் கட்சியில் அவர் பெயர்தான் அடிபடுகிறது என்று டீக்கடையிலிருந்து ஐஸ் கம்பெனி வரை பேச்சு. எங்கள் கரையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருவார். காதுகுத்துக்கு மொய் வைப்பார். இலங்கை நேவி படகைப் பிடித்துக்கொண்டு போனால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போவார். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சிலருக்கு அவரிடமிருந்து ராத்திரியில் போன் வருகிறது. அதையும் மறுக்க முடியாது. எங்கள் மகளிர் குழுவில் இருக்கும் ஒரு பெண் நேற்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அவள் பெயரையும் ஊரையும் இங்கே எழுத மாட்டேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் சேதுக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் ஏதோ ஒரு கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

குழுவின் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போய் வந்திருக்கிறாள். பாறையில் கிழியாமல் இருக்க விரல்களில் சுற்றும் துணிப்பட்டை உப்பு ஏறி விறைத்து வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் போட்டாள். இரவு 11.40 மணிக்கு வந்தது. "கார்டு ரெடியா இருக்கு. நாளைக்கு சாயங்காலம் ஆபீசுக்கு வா. கூட யாரையும் கூட்டிக்கிட்டு வராத."

கார்டு என்றால் மீனவர் நல வாரிய அட்டை. ஆகஸ்டில் ஒரு நாள் அவள் போயிருக்கிறாள். உள்ளே போனதும் கதவைச் சாத்தியிருக்கிறார். கையைப் பிடித்து இழுத்து, "ஒனக்குச் செய்யிறேன், நீ எனக்கு என்ன செய்வ?" என்று கேட்டிருக்கிறார். உதறிவிட்டு ஓடி வந்தவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு பையன் பைக்கில் வந்து அந்தச் செருப்பை ஒரு கேரிபேக்கில் போட்டு அவள் மாமியார் கையில் கொடுத்திருக்கிறான். "அண்ணன் ஆபீசுல விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னானாம்.

இதை அவள் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. கதவைச் சாத்தினதைவிட இது பெரிய மிரட்டல். நீ வாயைத் திறந்தால் உன் வீட்டில் என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும் என்பதை ஒரு ஜோடி ரப்பர் செருப்பை வைத்தே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமியார் அவளிடம் சரியாகப் பேசுவதில்லை. புருஷன் தங்கல் மீன்பிடிக்குப் போயிருக்கிறான், அவனுக்கு இன்னும் தெரியாது.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு அட்டைக்காக ஏன் அவரிடம் போகவேண்டும் என்று தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். 2019 டிசம்பரில் இந்த மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்துபோனது. அதன் பிறகு அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். அவர்கள் வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருத்தர் எத்தனை ஊருக்கு வந்து நிற்க முடியும்? முன்பு பிரசிடெண்ட் வீட்டு வாசலில் நாலு பேர் பார்க்க நின்று கேட்டதை இப்போது கட்சிக்காரர் ஆபீசுக்குள் போய்க் கேட்கவேண்டியிருக்கிறது. மீனவப் பெண்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ஆகத் திரும்பி வரும். மழைக்காலத்தில் கடல் இல்லாதபோது அதை நம்பித்தான் அரிசி. பட்டியலில் பேர் இருக்கிறதா, பேங்கு நம்பர் சரியா என்று கேட்டுச் சொல்லக்கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக அவர் உட்கார்ந்திருக்கிறார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நேற்று உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு தள்ளுபடி. அரசியல் கட்சிகளையும் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்று கேட்ட வழக்கு. கட்சிக்கும் தொண்டருக்கும் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை, அதனால் கட்சிகள் உள் புகார்க் குழு வைக்கத் தேவையில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருந்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அந்தச் சட்டம் பிறந்த கதையை நினைத்தால் ஆறவில்லை. ராஜஸ்தானில் அரசுத் திட்டத்தில் கிராம ஊழியராக இருந்த பன்வாரி தேவி ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார், அதற்காக 1992-இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதிலிருந்துதான் வேலையிடத்தில் பெண்களைக் காக்க 1997-இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது, பதினாறு வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. கிராமத்தில், வெயிலில், படிப்பில்லாத பெண்களோடு வேலை செய்தவரால் வந்த சட்டம் அது. எங்கள் பெண்கள் கட்சி ஆபீஸ் படி ஏறினால் அங்கே அது இல்லை. ஐ.டி. கம்பெனியில் இருக்கும் என் தங்கைக்கு ஒரு குழு இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் முங்கிப் பாசி எடுக்கிறவளுக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, போலீஸ் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவு. பாலியல் நோக்கத்தோடு தொடுவது, இணங்கச் சொல்லிக் கேட்பது, இரண்டுக்கும் மூன்று வருஷம் வரை சிறை. வேண்டாம் என்று தெரிந்த பிறகும் போனில் தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 78-ஆவது பிரிவு. வக்கீலம்மா ஒருவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். மெசேஜ் எதையும் அழிக்காதே, போனை மாற்றாதே என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. சேதுக்கரையில் விடியுமுன்பே கூட்டம். பெற்றவர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். கார் நிறுத்தும் இடத்தில் அவருடைய அன்னதானப் பந்தல். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார். பிளக்ஸில் "மண்ணின் மைந்தன்" என்று இருந்தது. வரிசையில் நின்ற பெண்களை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார்.

அந்தக் கூப்பாடு பொய் என்று நான் சொல்லவில்லை. பகலில் அம்மா என்று கூப்பிடுகிற அதே ஆள்தான் ராத்திரியில் அந்த மெசேஜையும் அனுப்புகிறார். பகலில் பார்த்தவர்கள் ராத்திரியை நம்ப மறுக்கிறார்கள், அங்கேதான் சிக்கல்.

செப்டம்பர் 24, புதன்

எப்படியோ விஷயம் கசிந்துவிட்டது. இன்று மத்தியானம் எதிர்க்கோஷ்டி ஆள் ஒருவர் காரில் என் வீட்டுக்கு வந்தார். இவரும் சீட் கேட்கிறவர்தான். "நீ ஒண்ணும் கவலைப்படாத தங்கச்சி. வக்கீல் எங்க செலவு. ராம்நாட்டுல ஒரு பிரஸ் மீட் வச்சிருவோம். பிள்ளை மூஞ்சிய மூடிக்கிட்டு உக்காந்தாப் போதும்."

காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அப்புறம் அவளிடம் போய்ச் சொன்னேன், முடிவு அவளுடையது இல்லையா. கொஞ்ச நேரம் கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அவரு தோக்கணும்னு எனக்கு ஒண்ணுமில்லக்கா. இவரு ஜெயிக்கணும்னும் இல்ல. என் செருப்பை எதுக்குக் குடுத்துவிட்டாருன்னு அவரு வாயால சொல்லணும்."

அந்தக் காரில் ஏறியிருந்தால் எல்லாம் தேர்தல் சண்டையாகிப் போயிருக்கும். இவளுடைய புகார் அவர்களுடைய பிட் நோட்டீஸாகியிருக்கும். நாளைக்கு இரண்டு கோஷ்டியும் ராசியானால் அதே நோட்டீஸைக் கிழித்தும் போடுவார்கள். நாங்கள் பஸ்ஸில் போகிறோம்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஊர்க் கமிட்டிப் பெரியவர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். கெட்டவர்கள் இல்லை. பிள்ளையின் வாழ்க்கை கெட்டுப்போகக் கூடாதே என்ற கவலை அவர்கள் முகத்தில் உண்மையாகவே இருந்தது. நாலு பேர் முன்னால் அவர் வருத்தம் தெரிவிப்பார், ஒரு தொகையும் வாங்கித் தருகிறோம், தேர்தல் முடியட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

"தேர்தல் முடியட்டும்" என்பதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன். வேட்புமனுவோடு ஒரு உறுதிமொழிப் பத்திரம் வைக்கவேண்டும். 2002-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்களுக்கு வந்தது, உள்ளாட்சியிலும் உண்டு. தன் மேல் என்னென்ன வழக்கு இருக்கிறது என்று வேட்பாளரே அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இன்றைய தேதியில் அவர் அந்தப் பத்திரத்தில் "இல்லை" என்று எழுதினால் அது பொய்யாகாது. நிஜமாகவே அவர் மேல் ஒரு வழக்கும் இல்லை. இத்தனை பெண்கள் வாய் மூடி இருந்ததால் கிடைத்த "இல்லை" அது. ஓட்டுப் போடுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சுத்தமான ஆள் என்று நினைப்பார்கள். வழக்கு இருந்தால் நிற்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, தண்டனை வந்தால்தான் தடை. அவர் நிற்கட்டும். ஆனால் அந்த இடத்தில் ஒரு குற்ற எண்ணை எழுதிவிட்டு நிற்கட்டும்.

பெரியவர் ஒருவர், "அவரு நின்னாத்தான் கட்சி ஜெயிக்கும்னு சொல்றாங்களே" என்றார். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் வழக்கு இருக்கும் ஒருவரை நிறுத்தினால் கட்சி அதற்குக் காரணம் சொல்லி வெளியிடவேண்டும், ஜெயிப்பார் என்பது மட்டும் காரணமாகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. உள்ளாட்சிக்கு அந்த உத்தரவு இல்லை என்றாலும் நியாயம் ஒன்றுதானே மாமா என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், சரி என்றா இல்லை என்றா தெரியவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

புகார் கொடுத்தாயிற்று. அனைத்து மகளிர் காவல் நிலையம், பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுதினார். அவள் தைரியமாகச் சொன்னாள். செருப்பு விஷயம் வந்ததும் தொண்டை அடைத்தது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். எழுதினதை முழுக்க வாசித்துக் காட்டினார். தேதி ஒன்று தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னாள், திருத்தினார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே கொடுத்தார்கள், அது சட்டப்படி நம் உரிமை.

புருஷன் கரை திரும்பியதும் சொல்லிவிட்டாள். அவன் முதலில் கத்தினான். அப்புறம் அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டான். இன்று ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றது அவன்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

மானநஷ்ட வழக்குப் போடுவாராம். ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்.

பயப்படவேண்டியதில்லை என்று வக்கீலம்மா விளக்கினார். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது, சட்டத்திலேயே அதற்கு விதிவிலக்கு இருக்கிறது. பொதுவில் பேரைப் போட்டு எழுதுவது வேறு சமாசாரம். முதல் நாளே அவர் பேரை எழுத மாட்டேன் என்றேனே, அதற்கு இதுதான் காரணம். என் எழுத்தைப் பிடித்துக்கொண்டு இவள் வழக்கை அவர்கள் இழுத்தடிக்க நான் இடம் கொடுக்க மாட்டேன்.

"அப்பவே ஏன் சொல்லல" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மத்திய அமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர் மீது பத்திரிகையாளர் பிரியா ரமணி குற்றம் சொன்னது சம்பவம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. அக்பர் 2018 அக்டோபரில் பதவி விலகினார், அவதூறு வழக்கும் போட்டார். 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. எத்தனை ஆண்டுகள் கழித்தும் தன் குறையைச் சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எங்கள் தமிழ்நாட்டிலேயே 2021 தேர்தல் நேரத்தில் ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி தனக்கு மேலே இருந்த சிறப்பு டி.ஜி.பி. மீது புகார் கொடுத்தார். விழுப்புரம் நீதிமன்றம் 2023-இல் அந்த டி.ஜி.பி.க்கு மூன்று வருஷம் தண்டனை விதித்தது. காக்கிச் சட்டை போட்ட பெண்ணுக்கே அந்த நிலைமை என்றால் இவள் ஒரு மாதம் தயங்கியதில் என்ன அதிசயம்?

விசாரணை நடக்கட்டும். அவர் பக்கத்தையும் நீதிமன்றம் கேட்கும், கேட்கவும் வேண்டும். பொய்ப் புகார் என்றால் அதை அங்கே நிரூபிக்கட்டும். எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி அல்ல.

அக்டோபர் 6, திங்கள்

கட்சியின் மாவட்ட அலுவலகத்துக்கு எங்கள் குழுவின் பேரில் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறோம். குற்ற எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறோம். சீட் கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் தெரியாது என்று மட்டும் பிறகு சொல்லாதீர்கள் என்று எழுதினோம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட இரண்டு பேர் மறுத்துவிட்டார்கள். இருவருக்கும் அட்டை இன்னும் வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அவருடைய வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படலாம், அப்படி வந்தால் மனைவியை நிறுத்துவார் என்று இப்போது புதுப் பேச்சு. பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் கொண்டுவந்தது இதற்காகவா என்று மாலை முழுக்க மனம் கொதித்தது. நிறுத்தினால் நாங்களும் அந்த அம்மாவிடம் போய் நேராகவே கேட்போம்: அட்டை வாங்க எந்த ஆபீசுக்கு வரவேண்டும், கதவு திறந்திருக்குமா?

சாயங்காலம் பக்கத்துக் கரையிலிருந்து ஒரு போன். வேறொரு பெண். அவளுக்கும் மெசேஜ் வந்திருக்கிறதாம், போன வருஷத்தது. இப்போது கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். எடுத்துக்கொள்வார்கள், போனில் எதையும் அழிக்காதே, ஆதார் நகல் ஒன்று கொண்டு வா என்றேன். வியாழக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸுக்கு வருகிறாள்.