மடுவில் ஒரு தறப்பாளுக்குக் கீழே

இந்த முறை ஆகஸ்ட் விடுமுறை பத்து நாள்தான். அந்தப் பத்து நாளுக்குள் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் படுத்தெழும்புகிற ஓர் இரவு வேண்டும் என்று ஜூலை மாதமே கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றித் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

கிளிநொச்சியில் ஆகஸ்ட் என்றால் சிறுபோக அறுவடை. இரணைமடுத் தண்ணீரை நம்பி விதைத்த வயல்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கிழமையில் விளைந்து நிற்கும். இவர் வெட்டு மெசின் ஓட்டுகிறவர், அந்த நாட்களில் வீட்டுக்கு வருவது குளிக்கவும் உடுப்பு மாற்றவும்தான். எனக்கும் அதே மாதம்தான் வேலை நெரிசல். மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், மற்றக் கோயில் திருவிழாக்காரர், கலியாண வீட்டுக்காரர் எல்லாரும் பிளவுஸ் துணியோடு வந்து "அக்கா, பதின்மூன்றாம் திகதிக்கு முதல் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மூத்தவன் உயர்தர முடிவு வந்து, கம்பஸ் தொடங்கும்வரைக்கும் என்று டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான், மடிக்கணினி வாங்கக் காசு சேர்க்கிறான். மகளுக்குப் பதினாறு வயது, பங்கின் இளையோர் பாசறை நான்கு நாள், முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம். சின்னவன் குருளைச் சாரணன், அவனுக்கு ஒரு பாசறை. ஒருவர் வர ஒருவர் போக, வீட்டில் சோற்றுப் பானை மட்டும்தான் எல்லாரையும் கண்டது.

மகள் பாசறைக்குப் போகிறதற்கு முதல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெற்றோர் கையெழுத்து வைக்கிற கடிதத்தைக் கொண்டுவந்து, "அம்மா, முகாமுக்குச் சைன் வையுங்கோ" என்றாள். பாசறை என்றுதான் கடிதத்தில் இருந்தது, அவள் வாயில் முகாம் என்று வந்துவிட்டது. வாசலில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தா.

"எத்தினை நாளாம் பிள்ளை? எப்ப விடுவினமாம்?"

"நாலு நாள் அம்மம்மா. பாட்டு, நாடகம், கடலுக்குப் போறது எல்லாம் இருக்கு."

அம்மா "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி இலையை உருவத் தொடங்கினா. எனக்குத்தான் அன்றைக்குக் கத்தரிக்கோல் கையில் நிற்கவில்லை. எப்ப விடுவினம் என்பது 2009 இல், சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது நாங்கள் கேட்ட கேள்வி. அப்போது மூத்தவனுக்கு நாலு வயது, மகள் என் வயிற்றில். அந்த வருசம் முகாமிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் அவளைப் பெற்றேன். அவளுக்கு இது தெரியும், ஆனால் அவளுக்கு முகாம் என்றால் பாட்டுப்புத்தகமும் டோர்ச்சும்தான், அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, நான் நினைத்த அந்த ஓர் இரவுக்கு, மடுத் திருவிழாப் பயணத்துக்கு வருகிறேன்.

பதின்மூன்றாம் திகதி, புதன்கிழமை பின்னேரம் கடைசி பிளவுசுக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துவிட்டு மெசினை மூடினேன். தம்பியின் பட்டா வாகனத்தில் தறப்பாள், பாய், கயிறு, அரிசி, மாசிச் சம்பல் போத்தல், காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான் இரண்டு எல்லாம் ஏற்றினோம். மூத்தவன் முதலாளியிடம் வியாழனும் வெள்ளியும் கேட்டு வாங்கியிருந்தான், சனி விடிய கடை திறக்கிற நேரம் நிற்க வேண்டும் என்ற பேச்சு. இவர் வரவில்லை. ஒரு வயற்காரர் அன்று காலைதான் போன் எடுத்து "தம்பி, நெல்லு உதிருது, விட்டிட்டுப் போயிடாதை" என்றாராம். விளைந்த நெல்லை ஒரு நாள் பிந்தினாலும் நிலத்தில்தான் பொறுக்க வேண்டும், நான் அதற்கு மேல் என்ன சொல்வது. "நாளைக்கு இரவுக்குள்ள எப்படியும் வந்திடுவன்" என்றார். நான் பதில் சொல்லாமல் பாயைச் சுற்றினேன்.

முறிகண்டியில் நிற்காமல் ஏ9 இல் போகிறவர்களை நான் கண்டதில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்கள் உடைக்க, நாங்கள் வேதக்காரர் ஆனாலும் வாகனத்தை ஓரங்கட்டிக் கச்சான் வாங்கித்தான் போவோம், என் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மணலில் வறுத்த சூட்டோடு கடதாசிச் சுருளில் தருவார்கள், கோதின் கருகல் மணம் கையில் வவுனியா வரைக்கும் இருக்கும். சோளகக் காற்று ஒரு பக்கமாக அடித்துக்கொண்டே இருந்தது. மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று ஊர்கள் ஓடின. வவுனியாவில் தேத்தண்ணி குடித்துவிட்டு மன்னார் வீதிக்குத் திரும்பினோம்.

செட்டிகுளப் பக்கம் வரும்போது எங்கள் வாகனத்தில் பேச்சு நின்றுவிடும், ஒவ்வொரு முறையும் அப்படித்தான். மெனிக் பாம் அகதி முகாம் இருந்த இடம் இந்த வீதிக் கரைதான். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இருந்த இடம், 2012 செப்டம்பரில் கடைசிக் குடும்பங்களையும் அனுப்பி மூடினார்கள். அதற்குள் நாங்கள் இராமநாதன் முகாம் என்ற பகுதியில் இருந்தோம். இப்போது பார்த்தால் பற்றை, மரம், வீடுகள். இம்முறை பின்னால் பாய்க்கட்டில் இருந்த மகள் முன்பக்கக் கண்ணாடியைத் தட்டி, "அம்மா, எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, வாகனம் வளைவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டு வந்தாள்.

மடுச் சந்தியில் திரும்பினால் காடு. பாலையும் வீரையும் முதிரையும் வீதியின் இரு பக்கமும் நெருங்கி நிற்கும் அந்தக் காட்டுக்குள்ளால் போகும்போது சின்னவன் யானை வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தான். அம்மா செபமாலையைத் தொடங்கினா, தம்பி ரேடியோவை நிறுத்தினான்.

மடு மாதாவின் கதையை அம்மா ஒவ்வொரு வருசமும் பிள்ளைகளுக்குச் சொல்லுவா, நானும் கேட்பேன். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதா சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்து மருதமடுவில் வைத்தார்கள். 1924 இல் முடிசூட்டினார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கோயிலடிக்கு வந்தபோது குருமார் சுருவத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், அந்த ஆகஸ்டில் திரும்பி வந்தது. "மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவதானே" என்று அம்மா முடிப்பா. இதை எங்கள் ஊரில் பல கிழவிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனாலும் என் அம்மா சொல்லும்போது தனியாகக் கேட்கும். காரணம் 1990 இல் சண்டை தொடங்கியதும் முருங்கன் பக்கத்திலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு அவ ஓடி வந்து இருந்ததும் இதே மடுக் கோயில் வளவுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. மடு முழுக்கக் கொட்டிலும் கூடாரமும். தண்ணீருக்கு வாளி வைத்து வரிசை பிடித்ததும், இரவில் கோயில் மணி கேட்டபடி பத்துப் பதினைந்து பேர் ஒரே பாயில் கிடந்ததும் நினைவிருக்கிறது. பிறகு 1999 நவம்பரில் அந்தக் கோயிலுக்குள் தஞ்சமிருந்த சனத்தின் மேலேயே செல் விழுந்து நாற்பது பேரளவில் செத்தார்கள். அந்தக் கோயிலின் முன்னால்தான் இன்றைக்கு ஆயிரமாயிரம் பேர் பிள்ளை குட்டியோடு பாய் விரிக்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர நன்றாக இருட்டிவிட்டது. அம்மா ஒரு மரத்தடியைக் காட்டி "இதில கட்டு" என்றா. தறப்பாளை விரித்ததும் சின்னவன் பாசறையில் படித்த முடிச்சைப் போடத் தொடங்கினான். நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு, கயிற்றை ஒரு சுற்று, மறு சுற்று, ஓட்டைக்குள்ளால் எடுத்து இழுத்தான். நல்ல முடிச்சுத்தான். மகள் வந்து, எங்கள் பாசறையில் வேறு மாதிரிக் கட்டினாங்கள் என்று அவிழ்த்தாள். இரண்டு பேரும் இழுபறிப்பட, அம்மா வந்து கயிற்றை வாங்கினா. எழுபது வயது கை, விரல் மொளிகள் புடைத்த கை. கயிற்றை மரத்தைச் சுற்றி எறிந்து, பிடித்து, ஒரு மடிப்பு, ஒரு இழுவை, அவ்வளவுதான். தறப்பாள் மேளத் தோல் மாதிரி விறைத்து நின்றது.

"அம்மம்மா, இன்னொருக்காக் காட்டுங்கோ," என்றான் சின்னவன். அவ அவிழ்த்துக் காட்டினா. மூன்று தரம் காட்டினா. பிறகு மூத்தவனைக் கூப்பிட்டு, மழை இல்லாவிட்டாலும் கூடாரத்தைச் சுற்றித் தண்ணீர் ஓட ஒரு கான் வெட்ட வேண்டும், மண் எந்தப் பக்கம் போடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தா. ஆகஸ்ட் மாதக் காய்ச்சலில் தரை கல்லாகக் கிடந்தது, அவன் ஒரு சொல் பேசாமல் வெட்டினான். கடையில் சீமெந்துப் பை தூக்கித் தூக்கி அவன் தோள் அகன்றிருந்ததை அந்த வெளிச்சத்தில்தான் கண்டேன். அவன் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அவனை அவ்வளவு நேரம் நின்று பார்த்ததே அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் முழுக்கச் சனம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கூடாரம் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம். அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக இருந்த பாஷை சமையல்தான். அவ கொக்கிஸ் பலகாரம் ஒரு தட்டு தந்தா, நான் மாசிச் சம்பல் கொடுத்தேன். பின்னேரம் வேஸ்பர் ஆராதனை தொடங்கியபோது தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் செபம் கேட்டது, இரண்டு கூடாரத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் முழந்தாளில் இருந்தார்கள். எனக்கு மனம் செபத்தில் நிற்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறரைக்கு ஒரு மெசேஜ்: "வயல் முடிஞ்சுது. பஸ் ஏறுறன்."

இரவு பத்தரை இருக்கும். திருவிழா பஸ்ஸில் இறங்கி, ஆயிரம் கூடாரத்துக்குள் எங்கள் தறப்பாளைத் தேடி, போன் வெளிச்சத்தோடு வந்தார். வயலிலிருந்து நேரே வந்த ஆள். சேட்டு முழுக்க வைக்கோல் தூசி, காது மடலுக்குள் நெல்லுச் சுணை, கழுத்தெல்லாம் சொறிந்து சிவந்திருந்தது. மூத்தவன் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு போய் மரத்துக்குப் பின்னால் நின்று அவருக்கு ஊற்றினான். மகள் சோப் பெட்டியோடு நின்றாள். அவர் குளித்து வந்து சோற்றைக் குழைத்துக்கொண்டே, மகளிடம் பாசறையில் என்ன நடந்தது என்று கேட்டார். அவள் கதை சொன்னாள். கடற்கரையில் தீ மூட்டிப் பாடினது, ஒரு பிள்ளை வீட்டு நினைப்பில் அழுதது, அவள் பக்கத்தில் இருந்து தேற்றினது. இவ்வளவையும் அவள் எனக்குச் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல நேரம் எங்கே இருந்தது, நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அல்லவா நின்றேன்.

அன்றிரவு ஆறு பேரும் இரண்டு பாயில் குறுக்காகப் படுத்தோம். சின்னவன் தகப்பனின் வயிற்றில் காலைப் போட்டுக்கொண்டு தூங்கினான். ஒலிபெருக்கியில் பாட்டு நடுச்சாமம் தாண்டியும் போனது. நான் தூங்கவில்லை. எண்ணிப் பார்த்தேன், எல்லாரும் இருந்தார்கள். 2009 இலும் இப்படித்தான் தறப்பாளுக்குக் கீழே படுத்தபடி தலைகளை எண்ணுவேன். அப்போது எண்ணுவது பயத்தில்.

பதினைந்தாம் திகதி திருவிழாப் பூசை, சுருவப் பவனி, ஆசீர்வாதம். அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக வார்த்தை இல்லை, மாதா சனத்துக்கு மேலால் அசைந்து வரும்போது கையைக் கூப்பியபடி அழுதேன், பக்கத்தில் எல்லாரும் அழுதார்கள். மத்தியானம் தறப்பாளை அவிழ்த்தோம். அம்மாவின் முடிச்சைச் சின்னவன்தான் அவிழ்த்தான், ஒரே இழுவையில்.

வரும்போது மடு மண் எடுத்துக்கொண்டு வந்தோம். பாம்புக் கடிக்கு அது காவல் என்று எங்கள் சனத்தின் நம்பிக்கை. வயலில் புடையன் கிடக்கிற காலம் இது. கடித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், என்றாலும் மண் எடுக்காமல் நாங்கள் மடுவை விட்டு வெளிக்கிட்டதில்லை.

சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு இவர் வயலுக்குப் போனார். ஏழரைக்கு மூத்தவன் கடைக்கு. நான் மெசினைத் திறந்தேன், மகள் பக்கத்தில் இருந்து பிளவுஸ் விளிம்பு மடித்தாள், முல்லைத்தீவுக் கதையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சின்னவன் மண்ணைத் துணித் துண்டில் நாலு பொட்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அம்மம்மாவின் முடிச்சைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று தகப்பனின் வெட்டு மெசினுக்கு. மத்தியானச் சோற்றோடு தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறானாம்.