பாஸ்க் நாட்டுக்கு முதல் பயணம்

வருகிற மே மாதம், ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கிலும் பரவிக் கிடக்கும் பாஸ்க் நாட்டுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. பில்பாவோவில் பிராங்க் கெரி வடிவமைத்து 1997-இல் திறக்கப்பட்ட குக்கன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போதும் என்று நினைக்கிறேன். என்னை இழுப்பது, எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத, பாஸ்க் மக்களின் எவுஸ்கரா மொழிதான். அதில் 'எச்சே' என்றால் வீடு, 'எச்சேத்திக்' என்றால் வீட்டிலிருந்து. நம் வேற்றுமை உருபைப் போலவே சொல்லின் வாலில் அது ஒட்டிக்கொள்வதைக் கண்டதும் (இதை வைத்து யாரும் உறவு கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம்) பாடப்புத்தகத்தை மூடவே மனம் வரவில்லை.

அந்த மொழிதான் என்னை ஏமாற்றவும் செய்தது. ஸ்பானிய மொழியில் சான் செபாஸ்தியானும் எவுஸ்கராவில் தொனோஸ்தியாவும் ஒரே ஊரின் இரு பெயர்கள் என்பது தெரியாமல், இரண்டுக்கும் தனித்தனியாக அறை தேடி ஒரு மாலைப்பொழுதை வீணடித்தேன். அங்கிருந்து பிரெஞ்சு எல்லைக்கு அப்பாலுள்ள எந்தாயாவுக்கு, சுரங்கங்கள் மிகுந்த பாதை என்பதால் 'தோப்போ', அதாவது அகழெலி, என்று செல்லமாக அழைக்கப்படும் ரயில் ஓடுகிறது.

கெர்னிகாவுக்கு மட்டும் கிழமை பார்த்துப் போக வேண்டும். ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1937 ஏப்ரல் 26 அன்று, சந்தை நாளான ஒரு திங்கட்கிழமையில்தான் அவ்வூர் மீது குண்டு வீசப்பட்டது. சந்தை இன்றும் திங்களன்றே கூடுகிறது என்பதால், நானும் திங்கட்கிழமை காலைக்கே பேருந்து பார்த்து வைத்திருக்கிறேன்.