பன்னிரண்டு பேரை நிற்க வைத்தோம்

போன சனிக்கிழமை எங்கள் குழு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சந்தித்தது. நாங்கள் ஆறு பேர், எல்லோரும் கல்லூரி மாணவர்கள். பள்ளிகளுக்குப் போய்ப் பணத்தைப் பற்றிப் பேசுவதுதான் எங்கள் தன்னார்வ வேலை.

தொடங்கிய புதிதில் சேமிப்பைப் பற்றியே பேசினோம். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுத் தலையாட்டுவார்கள். கையில் காசே இல்லாதவர்களிடம் சேமிக்கச் சொல்கிறோம் என்பது நாலைந்து வகுப்புகளுக்குப் பிறகுதான் உறைத்தது. அவர்களில் பலரைச் சம்பளத்துக்கு முன்னால் கடன்தான் தேடி வரப்போகிறது. போனுக்குத் தவணை, ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்னும் செயலி, இப்போது வாங்கிவிட்டுப் பிறகு கட்டச் சொல்லும் விளம்பரம். எனக்கும் அப்படித்தான் வந்தது. கல்லூரியில் சேர்ந்த வருடம் தவணையில் ஒரு போன் வாங்கினேன். மாதம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தேன், மொத்தம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஒரு தவணை தவறியதும் அபராதம் சேர்ந்தது. அதை வீட்டில் சொல்ல முடியாமல் தவித்த அந்த இரண்டு மாதம்தான் என்னை இந்தக் குழுவுக்குக் கொண்டுவந்தது.

அதனால் இப்போது கடனிலிருந்தே தொடங்குகிறோம். பன்னிரண்டு பேரை முன்னால் வந்து வரிசையாக நிற்கச் சொல்வோம். ஒவ்வொருவர் கையிலும் 1,000 என்று எழுதிய அட்டை. மொத்தம் 12,000 கடன், ஒரு வருடத் தவணை, வட்டி 12 சதவீதம். வட்டி முழுக் கடனுக்கும் கணக்கிடப்படுகிறது, அதாவது ஃபிளாட் ரேட். வருட வட்டி 1,440, மாதத்துக்கு 120. அசலோடு சேர்த்து மாதம் 1,120 கட்ட வேண்டும். ‘பரவாயில்லையே, கட்டிவிடலாம்’ என்றுதான் முதலில் எல்லோரும் சொல்வார்கள்.

அப்புறம் மாதம் ஒன்று முடிந்தது என்று சொல்லி ஒருவரை உட்கார வைப்போம். அடுத்த மாதம் இன்னொருவர். அட்டைகள் குறையக் குறையப் பலகையில் வட்டி மட்டும் அதே 120. கடைசியில் ஒரே ஒரு பெண் 1,000 அட்டையோடு தனியாக நின்றாள். “இப்போது உன்னிடம் இருக்கும் கடன் எவ்வளவு?” என்று கேட்டேன். “ஆயிரம்.” “இந்த மாத வட்டி?” “நூற்று இருபது.” அவளே நிறுத்தி, “அக்கா, அப்போ ஒரே மாதத்துக்குப் பன்னிரண்டு சதவீதமா?” என்றாள். வகுப்பில் சத்தமே இல்லை. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்தக் கடனின் உண்மையான வட்டி வருடத்துக்கு 21 சதவீதத்துக்கும் மேல். இரண்டு கணக்குகளுக்கும் பெயர் மட்டும் ஒரே ‘வட்டி’. விளம்பரத்தில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்கத் தெரிவதுதான் படிப்பு என்று நான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு பணவீக்கம். அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2004-இல் அமெரிக்க ஆய்வு ஒன்றுக்காக மூன்று கேள்விகளை வடிவமைத்தார்கள். வட்டி, பணவீக்கம், முதலீட்டைப் பிரித்துப் போடுவது பற்றியவை. இன்றும் பல நாடுகளில் கேட்கப்படுகின்றன. இரண்டாவது கேள்வியை நாங்களும் கேட்கிறோம்: கணக்கில் இருக்கும் பணத்துக்கு வட்டி 1 சதவீதம், விலைவாசி உயர்வது 2 சதவீதம். ஒரு வருடம் கழித்து அந்தப் பணத்தில் இன்று வாங்குவதைவிட அதிகம் வாங்கலாமா, குறைவாகவா? நிறைய கைகள் ‘அதிகம்’ பக்கம்தான் போகும். கணக்கில் எண் கூடியிருக்கிறதே! நாங்கள் உடனே பதில் சொல்வதில்லை, அவர்களையே வாதாட விடுகிறோம். சரியான விடை அநேகமாக வகுப்புக்குள்ளிருந்தே வந்துவிடும்.

எங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. எந்தத் திட்டத்தையும் செயலியையும் பரிந்துரைக்க மாட்டோம். ‘எதில் போட்டால் நிறைய வரும்’ என்று கேட்டால், நிச்சயமாகப் பெரிய லாபம் என்று யார் சொன்னாலும் நம்பாதே என்பதோடு நிறுத்திக்கொள்வோம். இன்னொன்று, யாருடைய வீட்டுப் பணக் கதையையும் வகுப்பில் பொதுவாகக் கேட்க மாட்டோம். கடன் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அறையில் தலை குனிய வேண்டிய நிலை வரவே கூடாது.

வகுப்பு முடிந்து அட்டைகளை அடுக்கும்போது ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்றான். “அக்கா, கையெழுத்துப் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது?” என்று கேட்டான். யாருடைய கையெழுத்து என்று நான் கேட்கவில்லை. பாக்கி எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் வட்டி குறையுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்கலாம் என்றேன். மூன்று கேள்விகளையும் ஒரு 1,000 அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த சனிக்கிழமைக்கு ஓர் அட்டை புதிதாகச் செய்ய வேண்டும்.