தலையணை

மார்கழி 8
அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டச் சொன்னார்கள்.

மார்கழி 9
பூச்சிமருந்துத் தாங்கி முதுகில் ஒழுகியிருக்கிறது. நனைந்த சட்டையோடு இரண்டு ஏக்கரும் அடித்து முடித்திருக்கிறார். வெயில் பட்டிருக்கும் என்று 5 மணித்தியாலம் திண்ணையில் படுத்தும் கிடந்தார். ஐந்து!

கண்மணி குண்டூசி முனையளவு. நெஞ்சுக்குள் சளியின் இரைச்சல். மாற்றுமருந்தான அத்ரோபின் ஏற ஏற அது குறைந்தது. வேலியோர ஊமத்தையிலும் அதே அத்ரோபின்தான். அதை வெட்டச் சொல்லி மழைக்கு மழை சொல்லுவார். இனி வெட்ட மாட்டேன்.

மார்கழி 9, இரவு
“ஐயா, தலையணையில் இருந்து தலையைத் தூக்குங்கோ.” தூக்கினார்.

மார்கழி 10
போத்தல் லேபல் ஊறிப்போய் ஒன்றும் வாசிக்க முடியவில்லை.

உயர்தர வகுப்பில் எத்தனை தடவை கரும்பலகையில் வரைந்திருப்பேன். நரம்பின் செய்தியைக் கொண்டுபோவது அசற்றைல்கோலின். அதை வெட்டும் நொதியத்தில் நஞ்சு போய் ஒட்டுகிறது. தசைக்கும் சுரப்பிக்கும் போகும் செய்தி ஓயாமல் அடிக்கிறது. ஒட்டியதைக் கழற்றத்தான் ஒக்சைம் மருந்துகள். 1955இல் வந்த பிரலிடொக்சைம்தான் இங்கும் ஏறுகிறது. ஆனால் நேரம் போனால் நஞ்சு நொதியத்தோடு இறுகிவிடும், பிறகு எதுவும் கழற்றாது. டைமீதைல் வகை நஞ்சில் ஏறத்தாழ 4 மணித்தியாலத்தில் பாதி இறுகும். டைஈதைலில் 33. சோமன் என்ற போர் நஞ்சில் சில நிமிடங்களே. எங்களுடையது எந்த வகை? லேபல் இல்லை.

இலங்கையிலேயே 235 பேரிடம் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள்: பிரலிடொக்சைமால் பலன் தெரியவில்லை. அந்த வருடம் வன்னியில் நாங்கள் எதையும் வாசிக்கவில்லை.

மார்கழி 11, விடிய 3 மணி
தூக்கினார். இரண்டு விநாடி.

மார்கழி 11
ஒட்டிய பிறகு கழற்றுவதைவிட இரத்தத்திலேயே மறிக்க வேண்டும். மனித பிளாஸ்மாவில் உள்ள பியூட்டிரைல்கோலின்எஸ்டரேசு என்ற நொதியம் மறிக்கும், ஆனால் ஒரு மூலக்கூறு ஒரு நஞ்சைத்தான் பிடிக்கும். அதனால் நிறைய வேண்டும், விலையும் அப்படி. பக்டீரியாவின் பொஸ்போட்ரைஎஸ்டரேசு நொதியம் ஒரு நஞ்சை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். அதுதான் வரவேண்டும். படைவீரனுக்கு மட்டும் இல்லை, வயலுக்கும். 1936இல் ஜேர்மன் வேதியியலாளர் ஷ்ராடர் பூச்சிமருந்து தேடப்போய்த்தானே தபுன் என்ற போர் நஞ்சைக் கண்டார்.

இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரலியத்தவும் 1987இல் எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. எல்லாம் சரி என்று இருக்கும்போது, நஞ்சு பட்டு 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள், கழுத்துத் தசை சோரும். அப்புறம் மூச்சு.

மார்கழி 12, விடிய 6 மணி
96 முடிய இன்னும் 4 மணித்தியாலம்.
“அப்பா, தலையைத் தூக்குங்கோ.”
கண் என்னைப் பார்க்கிறது. தலை அசையவில்லை. நேர்ஸ் மிஸியைக் கூப்பிடப் போகிறேன்